வடக்கு வியட்நாமின் மலைச்சாலைகளில் நாங்களே வண்டியோட்டிச் செல்லும் பயணம்: திட்டத்தைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்

கேள்வி: தொலைவழி

அனைவருக்கும் வணக்கம். வருகிற அக்டோபர் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் வியட்நாமுக்குச் சென்று, ஒரே மோட்டார் சைக்கிளில், வழிகாட்டியோ குழுவோ இல்லாமல், அந்நாட்டின் உள்சாலைகளில் பயணம் செய்ய எண்ணியிருக்கிறோம். பெரிய நகரங்களில் நாள் கழிப்பதில் எங்கள் இருவருக்குமே விருப்பமில்லை. சிறிய ஊரொன்றில் இரவு தங்கி, காலையில் எழுந்ததும் பையைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குக் கிளம்புகிற பயணத்தைத்தான் வெகுநாளாக மனத்தில் வைத்திருக்கிறோம். விடுப்பு இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது.

நான் போட்டு வைத்திருக்கும் வழி இதுதான். ஹனோயில் வண்டியை வாடகைக்கு எடுத்து, இரண்டாம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியாக ஹா ஜாங் நகரை அடைந்து, அங்கிருந்து குவான் பா, யென் மின், டோங் வான் என்று மலையேறி, மா பி லெங் கணவாயைக் கடந்து மியோ வாக்கில் இறங்குவது. பிறகு கிழக்கே திரும்பி, பாவோ லாக் வழியாகக் காவ் பாங், பான் ஜோக் அருவி, பா பே ஏரி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு மீண்டும் ஹனோய்க்கு வருவது. அதன் பின் வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு நாட்டின் நடுப்பகுதிக்குச் சென்று, ஃபோங் ஞாவிலிருந்து ஹோ சி மின் சாலையின் மேற்குக் கிளையில் கே சான் வரை ஓட்டி, ஹூவே நகரில் முடிப்பது. ஒரு நாளைக்குச் சராசரியாக 250 கிலோமீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

பல ஆண்டுகளாக 350 சிசி வண்டி ஓட்டி வருகிறேன். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதைகளும் எனக்குப் பழக்கமானவையே. ஆனால் இதுவரை சாலையின் இடப்பக்கமாக மட்டுமே ஓட்டியிருக்கிறேன். வியட்நாமில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பின்னிருக்கையில் நெடுநேரம் உட்கார்ந்தால் அவருக்கு இடுப்பு வலி வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் வைத்திருந்தால் போதுமா, அல்லது வேறு ஏதேனும் வேண்டுமா? இருவரும் பையுமாக மலையேறுவதற்கு எந்த வண்டி பொருந்தும்? நான் போட்டிருக்கும் தூரக் கணக்கும் மாதமும் சரிதானா? அந்தச் சாலைகளில் ஓட்டியவர்கள் தயங்காமல் குறைகளைச் சுட்டிக்காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: ஈருருளி

வணக்கம். வழியைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் ஆவணங்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவை சரியாக இல்லாவிட்டால் மற்றக் கேள்விகளுக்கு விடை தேடியும் பயனில்லை.

தங்களிடம் இருக்கும் பன்னாட்டு அனுமதிப் புத்தகத்தின் அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் 1949 செப்டம்பர் 19 என்ற தேதி அச்சிடப்பட்டிருந்தால், அது ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டது. 1968 நவம்பர் 8 என்றிருந்தால், அது வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி வழங்கப்பட்டது. வியட்நாம் 2014-இல் சேர்ந்தது இரண்டாவதில் மட்டுமே. ஆகவே 1949-ஆம் ஆண்டுப் புத்தகத்தை அங்கே செல்லத்தக்க உரிமமாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டுமே ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே தோற்றத்தில் இருப்பதால், பலர் தேதியைப் பார்க்காமலே விமானம் ஏறிவிடுகிறார்கள். வாடகைக்கு வண்டி தருபவர்கள் பெரும்பாலும் உரிமத்தைக் கேட்பதே இல்லை. அவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காகச் சட்டம் அனுமதித்துவிட்டது என்று பொருள் கொள்ள வேண்டாம்.

அடுத்தது வண்டி வகை. அனுமதிப் புத்தகத்தின் உள்ளே மோட்டார் சைக்கிளுக்கான கட்டத்தில் முத்திரை இருக்க வேண்டும். கார் ஓட்டுவதற்கு மட்டும் முத்திரை இருந்தால் அது இங்கே உதவாது. வியட்நாமில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படி, 125 சிசி வரை ஒரு வகுப்பு, அதற்கு மேல் வேறொரு வகுப்பு. 50 சிசிக்குக் குறைந்த வண்டிகளுக்கு உரிமம் தேவையில்லை என்றாலும், இருவராகப் பையோடு மா பி லெங் ஏறுவதற்கு அவை ஆகாது. அதே ஆண்டின் தொடக்கத்தில் அபராதத் தொகைகளும் பெரிதும் உயர்த்தப்பட்டன. உரிமமின்றி 125 சிசி வரையிலான வண்டியை ஓட்டினால் 20 லட்சம் முதல் 40 லட்சம் டோங் (வியட்நாம் நாணயம்) வரை அபராதம், அதற்கு மேற்பட்ட வண்டியானால் 60 லட்சம் முதல் 80 லட்சம் டோங் வரை. வண்டியையும் பிடித்து வைக்க முடியும்.

ஆனாலும் அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது காப்பீடுதான். பயணக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் மோட்டார் சைக்கிள் பற்றிய பத்தி எங்கோ பின்பக்கத்தில் இருக்கும். அதை வரிக்கு வரி படியுங்கள். பயணம் செய்யும் நாட்டில் செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும், தலைக்கவசம் அணிந்திருக்க வேண்டும் என்பன ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் உள்ள நிபந்தனைகள். 125 சிசிக்கு மேற்பட்ட வண்டியில் நேர்ந்த விபத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று சில நிறுவனங்கள் தனியாகவே எழுதி வைத்திருக்கின்றன. பின்னிருக்கையில் அமர்பவருக்கு என்ன பாதுகாப்பு என்பதையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டோங் வானிலோ பாவோ லாக்கிலோ தொடை எலும்பு முறிந்தால், அறுவை சிகிச்சைக்கு ஹனோய் வரை மலைச்சாலையில் கொண்டுவர வேண்டியிருக்கும். அந்தச் செலவை யார் ஏற்பார்கள் என்பது வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாடகை வண்டியோடு தரப்படும் கட்டாயக் காப்பீடு எதிரே வருபவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது. ஓட்டுகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

தங்களிடம் இருப்பது 1949-ஆம் ஆண்டுப் புத்தகமாக இருந்து, வேறு வழியும் இல்லை என்றால், நீங்கள் ஓட்டாமல் செல்வதையே நான் பரிந்துரைப்பேன். ஹா ஜாங்கில் உள்ளூர் ஓட்டுநர்கள் தங்கள் வண்டியின் பின்னிருக்கையில் பயணிகளை ஏற்றிச் செல்வது வழக்கமான தொழில். இருவருக்கும் தனித்தனி ஓட்டுநர் கிடைப்பார்கள். நாமே ஓட்டிச் செல்லும் பயணமாக அது இருக்காது என்பது உண்மை. ஆனால் சாலையும் மலையும் ஊர்களும் அவைதாம்.

இன்னும் சில. வாடகைக் கடையில் பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், பணமாகக் கட்டுவதாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடுதியிலும் வெளிநாட்டவரின் தங்கலைப் பதிவு செய்ய அது தேவைப்படும். வண்டியின் பதிவு அட்டையைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எண்ணும் எண்பலகையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மதுவைப் பொறுத்தவரை 2020 முதல் அங்கே அனுமதிக்கப்பட்ட அளவு சுழியம். மலைவீடுகளில் விருந்தினருக்குச் சோளத்திலிருந்து காய்ச்சிய சாராயம் கொடுப்பது அவர்கள் வழக்கம். இரவு நெடுநேரம் குடித்தது காலையிலும் ஊதுகருவியில் காட்டும். மறுநாள் வண்டி ஓட்ட வேண்டும் என்று கையால் காட்டிச் சொன்னால் யாரும் மனம் வருந்துவதில்லை.

பதில்: கார்முகில்

தொலைவழி அவர்களுக்கு வணக்கம். ஈருருளி அவர்கள் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. நான் தூரத்தையும் பருவத்தையும் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் என்ற கணக்கை முற்றிலும் கைவிடுங்கள். அந்த மலைகளில் தூரத்தைக் கிலோமீட்டரால் அளப்பதைவிட மணி நேரத்தால் அளப்பதே சரி. நின்று பார்க்காமல் ஓட்டினாலே சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நீங்கள் போகிற பருவத்தில் மாலை ஐந்தரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், பள்ளத்தாக்குகளில் அதற்கும் முன்பே நிழல் விழுந்துவிடும். இருட்டிய பின் அந்தச் சாலைகளில் விளக்கில்லாத வண்டிகளும், சாலையோரம் படுத்திருக்கும் எருமைகளும், பகலில் சரிந்து விழுந்து அள்ளப்படாத கற்களும் இருக்கும். ஆகவே காலை எட்டு மணிக்குக் கிளம்பி, மாலை நான்கு மணிக்குள் தங்கும் ஊரைச் சேர்ந்துவிடுவது என்று வைத்துக்கொண்டால், உணவுக்கும் ஓய்வுக்கும் நின்று பார்ப்பதற்கும் போக, ஓட்டுவதற்கு நான்கு அல்லது ஐந்து மணி நேரம் கிடைக்கும். 100 முதல் 130 கிலோமீட்டர் வரை அதற்குப் போதும். சில நாள்களில் 60 கிலோமீட்டரே நிறைவாக இருக்கும்.

டோங் வானிலிருந்து மியோ வாக் வரையிலான பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது 22 கிலோமீட்டர்தான், கணக்கில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் வருவதே அந்த 22 கிலோமீட்டருக்காகத்தான். ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறைச் சுவர், மறு பக்கம் பல நூறு மீட்டர் ஆழத்தில் பச்சை நிறத்தில் நோ குவே ஆறு. பாறை இடுக்குகளில் ஒரு கூடை மண் இருக்கும் இடத்திலெல்லாம் சோளம் நட்டிருப்பார்கள். ஹா ஜாங் நகரிலிருந்து மியோ வாக் வரை சுமார் 185 கிலோமீட்டர் செல்லும் அந்தச் சாலைக்கு மகிழ்ச்சிச் சாலை என்று பெயர். 1959 முதல் 1965 வரை, பல இனக்குழுக்களைச் சேர்ந்த இளைஞர்கள் பெரும்பாலும் கைக்கருவிகளைக் கொண்டே அதை வெட்டினார்கள். மா பி லெங்கின் செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி மாதக்கணக்கில் உளி பிடித்திருக்கிறார்கள். அந்தக் கணவாயில் நினைவுச் சின்னம் இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு அங்கே சிறிது நேரம் நில்லுங்கள். டோங் வான் பாறைப் பீடபூமி 2010 முதல் உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில் இடம்பெற்றிருக்கிறது, வியட்நாமில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற இடம் அதுவே. இயன்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டோங் வானிலோ மியோ வாக்கிலோ இருக்கும்படி திட்டமிடுங்கள். சுற்றியுள்ள மலைகளிலிருந்து மோங், லோ லோ, தாய் இன மக்கள் சந்தைக்கு இறங்கி வரும் நாள் அது.

இப்போது பருவம். இதில்தான் தங்கள் திட்டத்தின் பெரிய சிக்கல் இருக்கிறது. அக்டோபர் கடைசியும் நவம்பரும் வடக்கு மலைகளுக்கு மிகச் சிறந்த காலம். மே முதல் செப்டம்பர் வரையிலான மழை ஓய்ந்து, டிசம்பருக்குப் பிறகு வரும் கடுங்குளிரும் மூடுபனியும் தொடங்காத இடைவெளி அது. வயல்களில் மரக்கோதுமை (பக்வீட்) இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். ஆனால் அதே அக்டோபரும் நவம்பரும் நாட்டின் நடுப்பகுதிக்கு வெள்ளக் காலம். வடகிழக்குப் பருவக்காற்றும் கடலிலிருந்து வரும் புயல்களும் சேர்ந்து, ஃபோங் ஞா, கே சான், ஹூவே பகுதிகளில் அந்த மாதங்களில்தான் கனமழையைக் கொட்டுகின்றன. 2020 அக்டோபரில் கே சான் அமைந்துள்ள ஹுவாங் ஹோவா பகுதியில் இரவில் மலை சரிந்து, படைமுகாம் ஒன்றில் இருந்த 22 வீரர்கள் உயிரிழந்தார்கள். நீங்கள் ஓட்ட நினைக்கும் மேற்குக் கிளைச் சாலை அந்த மலைகளின் ஊடாகவே செல்கிறது. ஒரே பயணத்தில் இரண்டு பகுதிகளையும் இணைக்க நினைப்பது, ஒன்றுக்கு நல்ல மாதத்தில் மற்றொன்றுக்கு மிக மோசமான மாதத்தைத் தேர்ந்தெடுப்பதாகிவிடும். எனவே நடுப்பகுதியை இந்த முறை விட்டுவிடுங்கள், கிடைக்கும் நாள்கள் அனைத்தையும் வடக்குக்கே கொடுங்கள். வடக்கிலும் 2024 செப்டம்பரில் வந்த யாகி புயலுக்குப் பின் பல இடங்களில் மலைச்சரிவு ஏற்பட்டது. மழை பெய்த மறுநாள், வழியில் சரிவு ஏதேனும் உண்டா என்று விடுதியில் கேட்டுவிட்டுக் கிளம்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்; எதிர்த்திசையிலிருந்து அன்று வந்து சேர்ந்தவர்களிடம் கேட்பது அதைவிட நல்லது.

ஹனோயிலிருந்து ஹா ஜாங் வரையிலான சுமார் 300 கிலோமீட்டரை ஓட்டுவதிலும் பயனில்லை. லாரிகள் நிறைந்த அந்த நெடுஞ்சாலையில் ஒரு நாள் முழுவதும் புகையைக் குடித்துவிட்டு மலையடிவாரத்தில் களைத்துப் போய் நிற்பீர்கள். படுக்கை வசதியுள்ள பேருந்தில் ஏறி ஹா ஜாங்கில் இறங்கி, அங்கேயே வண்டி எடுங்கள். ஆனால் இரவுப் பேருந்தில் வந்து, சரியாகத் தூங்காமல், அதே காலையில் வண்டி எடுத்துக் கிளம்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும். ஒரு நாள் அங்கே ஓய்வெடுத்து, நகரைச் சுற்றியுள்ள தட்டையான சாலைகளில் வலப்பக்கம் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள்.

வலப்பக்க ஓட்டத்தில் நெரிசலான இடங்கள் அவ்வளவு ஆபத்தானவை அல்ல, ஏனெனில் அங்கே முன்னால் போகிற வண்டியே நம்மை இழுத்துச் சென்றுவிடும். ஆளில்லாத சாலையில், இடப்பக்கக் கடையில் தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பும் நேரம்தான் ஆபத்தானது. பழக்கம் தானாகவே இடப்பக்கம் கொண்டு போய்விடும், எதிரே வண்டி வரும்வரை தெரியாது. நின்ற ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது பின்னால் இருப்பவர் உரக்க "வலம்" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் ஒலி எழுப்பிக்கொண்டே திரும்புங்கள். அங்கே அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை, எதிரே வருபவருக்கு நாம் இருப்பதைத் தெரிவிக்கும் முறை அது. பேருந்தும் லாரியும் வளைவை வெட்டி நம் பக்கத்துக்கு வரும் என்றே எதிர்பார்த்து, வலது ஓரத்தை ஒட்டியே இருங்கள்.

வரைபடங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கூகுள் வரைபடத்தில் மோட்டார் சைக்கிளுக்கான வழியைத் தேர்ந்தெடுத்தால், நேரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி, ஒரு மீட்டர் அகலமுள்ள சிமென்ட் நடைபாதைகளில்கூட அது அனுப்பிவிடும். ஆர்கானிக் மேப்ஸ் போன்ற, இணையம் இல்லாமல் இயங்கும் வரைபடத்தையும் இறக்கிக்கொண்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். 2025 ஜூலை 1 முதல் வியட்நாமின் 63 மாகாணங்களும் நகரங்களும் 34 ஆகக் குறைக்கப்பட்டு, ஹா ஜாங் மாகாணம் துயென் குவாங்குடன் இணைக்கப்பட்டுவிட்டது. விடுதி முகவரிகளில் புதுப் பெயரையும் மைல்கற்களில் பழைய பெயரையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு வெளிநாட்டவர் அனுமதிச் சீட்டு வாங்கும் நடைமுறையும் உண்டு. ஹா ஜாங் விடுதியிலேயே கேட்டால் வாங்கித் தருவார்கள்.

பதில்: நெய்தல்

வணக்கம். நான் அந்தச் சாலைகளைப் பின்னிருக்கையிலிருந்து பார்த்தவள். ஆகவே தங்கள் மனைவியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஹா ஜாங்கில் மிக எளிதாகக் கிடைப்பவை ஹோண்டா வேவ், பிளேடு போன்ற 110 சிசி வண்டிகள். கிளட்ச் பிடி இல்லாமல், காலால் நான்கு கியர் மாற்றும் வகை. தனியாகச் செல்பவருக்கு அவை மிக நல்லவை, எந்தக் கிராமத்திலும் பழுது பார்க்க முடியும். இருவரும் பையும் ஏறினால் செங்குத்தான ஏற்றங்களில் இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு போகும், முந்திச் செல்ல வலு இருக்காது. தங்கள் உரிமம் இடம் கொடுத்தால் வின்னர் போன்ற 150 சிசி வண்டியை எடுங்கள். எக்ஸ்ஆர் 150 கரடுமுரடான சாலைக்கு ஏற்றது, ஆனால் அதன் இருக்கை ஒடுங்கியது. இடுப்பு வலி உள்ளவரை அதில் நாள் முழுவதும் உட்கார வைக்க மாட்டேன். எந்த வண்டியானாலும் வாடகைக்கு எடுப்பதற்கு முன் இருவரும் ஏறி உட்கார்ந்து, மேடு பள்ளத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பின்னால் இருப்பவருக்குக் கால் வைக்கும் இடம் உறுதியாக இருக்கிறதா, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை அவரே சொல்லட்டும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரை மட்டும் இந்தச் சாலைகளுக்கு எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கியர் வண்டியில் இறக்கத்தில் இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் வைத்தால் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு என்பதால், இருவர் எடையோடு பத்து கிலோமீட்டர் இறங்கும்போது பிரேக்கையே அழுத்திக்கொண்டிருக்க வேண்டிவரும். அது சூடேறிப் பிடி தளரும். பிடி வழக்கத்தைவிட உள்ளே போவது போலத் தோன்றினாலோ, கருகிய வாடை வந்தாலோ, உடனே ஓரமாக நிறுத்தி, கைபட்டால் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். சூடான பிரேக்கின் மீது தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பையை முடிந்தவரை சிறிதாக்குங்கள். இருக்கைக்குப் பின்னுள்ள கம்பித் தாங்கியில் உயரமாகக் கட்டிய பை, வளைவில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். பின்னால் இருப்பவரின் முதுகையும் முன்னே தள்ளிக்கொண்டே இருக்கும். தேவையற்றதை ஹா ஜாங் விடுதியில் விட்டுச் செல்லலாம். மழைக்குத் தொளதொளப்பான போர்வை போன்ற மழையங்கியை அங்கே எல்லோரும் அணிகிறார்கள். ஆனால் பின்னிருக்கையில் அதன் ஓரம் காற்றில் பறந்து சங்கிலியிலோ சக்கரத்திலோ சிக்கக்கூடும். சட்டையும் கால்சட்டையுமாகத் தைத்த மழையுடை இருவருக்கும் எடுத்துச் செல்லுங்கள். வாடகைக் கடைகளில் தரும் தலைக்கவசங்கள் பல மெல்லியவை. இரண்டையும் தாங்களே கொண்டு செல்வது நல்லது.

இன்னொரு வழியையும் எண்ணிப் பாருங்கள். தாங்கள் தனியாக ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு, ஏற்ற இறக்கம் கடுமையான யென் மின் முதல் மியோ வாக் வரையிலான பகுதிக்கு மட்டும் மனைவியை உள்ளூர் ஓட்டுநர் ஒருவரின் பின்னால் அமர்த்தலாம். வண்டி சுமக்கும் எடை ஏறக்குறைய பாதியாகக் குறையும், வழி தெரிந்தவர் முன்னால் போவார். இதைத் தங்கள் பயணத்தின் குறையாக எண்ண வேண்டியதில்லை. முடிவை அவரிடம் கேட்டு எடுங்கள். பின்னிருக்கையில் இருப்பவருக்குப் பள்ளத்தாக்கு தெரிகிற அளவுக்கு ஓட்டுபவருக்குத் தெரியாது, அச்சமும் அவருக்கே அதிகம்.

மறுமொழி: தொலைவழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என்னிடம் இருந்தது 1949-ஆம் ஆண்டுப் புத்தகம்தான். நான் வசிக்கும் நாட்டில் இரண்டு வகையையும் தருகிறார்கள் என்பதால், 1968-ஆம் ஆண்டு வகைக்கு இன்றே விண்ணப்பித்துவிட்டேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன். 150 சிசி வண்டிக்கு அவர்கள் உடன்படவில்லை என்றால் 125 சிசியோடு நின்றுகொள்வோம். நடுப்பகுதியை இந்த முறை விட்டுவிட்டோம். பேருந்தில் ஹா ஜாங் சென்று, ஒரு நாள் தங்கி, பிறகு டோங் வான், மியோ வாக், பாவோ லாக், காவ் பாங், பான் ஜோக், பா பே என்று சுற்றுவதாக மாற்றியிருக்கிறோம். நெய்தல் அவர்களின் யோசனையை மனைவியிடம் படித்துக் காட்டினேன். மா பி லெங்கை மட்டும் என் பின்னால் அமர்ந்தே கடக்க வேண்டும் என்றும், அதற்கு முந்தைய ஏற்றங்களுக்கு ஓட்டுநரை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. ஹா ஜாங்கில் எடுத்த வண்டியை பா பே ஏரியிலிருந்து எப்படித் திருப்பிக் கொடுப்பது? அடுத்து, ஹோ சி மின் சாலையின் மேற்குக் கிளைக்குப் பிறிதொரு சமயம் போவதானால் எந்த மாதத்தில், எந்த ஏற்பாட்டோடு போக வேண்டும்?

பதில்: கார்முகில்

மகிழ்ச்சி. வண்டியைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் உண்டு. பா பேயிலிருந்து 279-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால், நா ஹாங் வழியாக ஹா ஜாங் சாலையில் வந்து சேரலாம். ஏரி, காடு, சிறு கணவாய்கள் என்று அழகான வழி, பயணிகள் கூட்டமும் மிகக் குறைவு. அதற்கு நா ஹாங்கில் ஓர் இரவு தங்குவதாக வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒதுக்குங்கள். இல்லையென்றால் ஓரிடத்தில் எடுத்து ஹனோயில் திருப்பிக் கொடுக்கும் வசதி சில கடைகளில் உண்டு, கூடுதல் கட்டணம் வாங்குவார்கள். நாள்கள் இருந்தால் முதல் வழியையே நான் விரும்புவேன்.

மேற்குக் கிளைக்கு மார்ச், ஏப்ரல் மாதங்கள் நல்லவை. அப்போது நடுப்பகுதியில் மழை குறைவு, கோடையின் கடும் வெப்பமும் தொடங்கியிருக்காது. ஃபோங் ஞாவிலிருந்து கே சான் வரை 230 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெரும்பகுதி காட்டின் ஊடாகச் செல்லும் ஒடுங்கிய சிமென்ட் சாலை, நிழலான இடங்களில் பாசி படிந்து வழுக்கும். நெடுந்தூரத்துக்கு ஊரோ கடையோ இராது. போரின்போது கடுமையாகக் குண்டு வீசப்பட்ட பகுதி அது, வெடிக்காத குண்டுகள் இன்றும் மண்ணில் கிடக்கின்றன. இயற்கை அழைப்புக்காகக்கூட சாலையை விட்டுப் புதருக்குள் இறங்க வேண்டாம், சாலையின் ஓரத்திலேயே நின்றுகொள்ளுங்கள்.

எரிபொருள் கணக்கைக் கிளம்பும் முன் போட்டுவிட வேண்டும். வேவ் வண்டியின் தொட்டி 3.7 லிட்டர். தனியாக ஓட்டினாலும் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் 185 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். இருவராக மலையேறினால் அதற்கும் முன்பே தீரும். சில குடியிருப்புகளில் புட்டியில் பெட்ரோல் விற்பார்கள் என்றாலும் அதை நம்பிக் கிளம்பக் கூடாது. ஃபோங் ஞாவில் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடும் கலனில் இரண்டு லிட்டர் கூடுதலாகக் கட்டிக்கொண்டு, விடிந்ததும் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே கே சான் சேர்ந்துவிடலாம்.